நடுக்கடலில் செத்துப்போன நண்பன்

ஒல்லாந்தர் கோட்டைத் துறையிலிருந்து பசியாவரம் தீவுக்குப் போன படகில் எனக்கு முன்னால் இரண்டு புலவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடல் கடந்து படேவியாவில் ஒன்றாகப் படித்துவிட்டு ஒரே கப்பலில் திரும்பியவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உன் பயணக்கதையில என்னை இன்னாத்துக்குடா நடுக்கடல்ல சாகடிச்ச?" என்றார் ஒல்லியானவர்.

"கதை அங்க சப்புனு இருந்துச்சு. உன்னை மூழ்கடிச்சதும் கேட்டவங்க எல்லாம் அழுதுட்டாங்க," என்றார் தடித்தவர்.

"எங்க நைனாவும்தான் அழுதாரு. நான் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன்."

தடித்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரி, சிரி. நானும் ஒண்ணு எழுதிட்டேன். அதுல நீ சாவல. படேவியாவுல இன்னொரு கல்யாணம் பண்ணிக்கினு சொகமா இருக்க."

"அடப்பாவி! யாருக்குடா படிச்சுக் காட்டின?"

"நேத்து பசியாவரத்துல உன் ஊட்டுக்குப் போயி, உன் பொண்டாட்டிக்குத்தான்."

தடித்தவர் படகோட்டியிடம் திரும்பினார். "அண்ணே, படகைத் திருப்பு."