சத்தமில்லாத பந்தயமும் சிவப்பு நாற்காலியும்

எனக்குத் தீர்ப்பு வாசிக்கவென்றே மாட்டுங்காவிலிருந்து வந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மகாதேவன் ஐயா அவர்களே, என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே புன்னகைக்கும் செயலாளர் தம்பி மாரிக்கண்ணன் அவர்களே, குர்லாவிலும் மாஹிமிலும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்த பெரியோர்களே, பந்தயம் என்றாலே பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் தாய்மார்களே, தாராவி கார்ப் பந்தய ரசிகர் மன்றத்தின் தலைவனாக, ஒருவேளை கடைசி முறையாக, நம்பிராஜன் உங்களை வணங்குகிறேன்.

நான் செய்த குற்றம் என்ன? மன்றத்து டிவியை விற்றேனா? சந்தாவில் சமோசா தின்றேனா? அதே டிவியில் மின்சாரக் கார்ப் பந்தயம் போட்டேன். அவ்வளவுதான்.

புகையில் புரண்டு, பெட்ரோலில் பிழைத்து, இன்ஜின் பிரித்தே இந்தக் கை கறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு உறுமலை வைத்தே எந்த அணியின் கார் என்று சொல்லும் காது இது. அந்தக் காதுக்கு மின்சாரக் கார் என்ன கொடுத்தது? ஒரு முனகல். வீட்டு மிக்சி அதைவிடக் கம்பீரமாகக் கத்தும்.

மன்றம் கூடும் என் வீட்டு முன்னறையில் பந்தயம் தொடங்கியது. சத்தத்தைக் காணோம். தம்பி மாரிக்கண்ணன் ஸ்பீக்கரின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். அசையவில்லை. ஸ்குரூ டிரைவர் எடுத்துப் பிரித்தே போட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஸ்பீக்கர் போச்சு" என்றார். நன்றாக இருந்த ஸ்பீக்கர், அவர் பிரித்த பிறகுதான் ஐயா போனது.

என்ன, பின்னால் மைக் கேட்கவில்லையா? மாரிக்கண்ணன் தம்பி, நீங்கள் உட்காருங்கள். வேறு யாராவது பார்க்கட்டும்.

அந்த அமைதியில்தான் ஒரு குரல் கேட்டது. பந்தய நாளெல்லாம் காதில் பஞ்சோடு அடுக்களையில் இருக்கும் என் மனைவி பூமாரி, டீ கொண்டுவந்தவள், நின்று கேட்டாள்: "பின்னால வாறவம்லாம் ஏன் இப்படிப் பதுங்குதாம்?"

முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துப் போக வேண்டும், பேட்டரி சீக்கிரம் கரையும், ஒட்டி வருகிறவனுக்கு மிச்சமாகும் என்றேன். திரையில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சம் என்று ஓடுவதையும் காட்டினேன். பார்த்தாள்.

"அப்ப மிச்சம் கூட வச்சிருக்க அந்தப் பச்ச வண்டிதான் ஜெயிக்கும். மாசக் கடைசில சிலிண்டர ஓட்டுதவளுக்கு இது தெரியாதாக்கும்? சிம்ல வச்சே ஓட்டிட்டு, விருந்தாள் வாற அன்னைக்குப் பெருசா எரிக்கணும்."

சிரித்தோம். பச்சை வண்டி அப்போது எங்கேயோ நடுவில் கிடந்தது. கடைசிச் சுற்றுகளில் முன்னால் போனவர்கள் மூச்சு வாங்க, பச்சை ஒவ்வொருவராகத் தாண்டியது. தாண்டித் தாண்டி, முதலாவதாக வந்தது. அறை முழுக்க எழுந்து நின்றோம்.

மகாதேவன் ஐயா கேட்கிறார்: "சத்தமில்லாம என்னய்யா ரேஸ்? பெருங்காயம் போடாத சாம்பார்னா அது!" ஐயா, பெட்ரோல் வாசம் எனக்கு இன்றும் உயிர்தான். ஆனால் இத்தனை காலம் நான் பந்தயத்தைக் கேட்டேன். அன்றுதான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நானும் அவளும் பேசிக்கொண்டே பார்த்த முதல் பந்தயம் அது.

நம் மன்றத்தின் வழக்கம் என்ன? ஜெயிப்பவனை முன்கூட்டிச் சொன்னவருக்கே அடுத்த பந்தயம் வரை முன்வரிசைச் சிவப்பு நாற்காலி. அடுத்து எதைப் போடுவது என்பதும் அவர் சொல்தான். இன்று அதில் அமர்ந்திருப்பவர் யார்? "கரண்டு ரேஸ் கணக்குல வராது அண்ணாச்சி" என்கிற நம் செயலாளர். என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு போங்கள். அவள் வென்ற நாற்காலியை யார் எடுப்பது? எந்த நியாயத்தில் எடுப்பது?

மாரிக்கண்ணா, எழுந்திரு. தாய்மார்கள் கை தட்டுகிறார்கள், கேட்கிறதா? பூமாரி, முன்னால் வா. உட்கார். அடுத்து எதைப் போடட்டும்?

"ரெண்டையும் போடுங்க. பெட்ரோல் ரேஸ மட்டும் சத்தத்தக் கொறச்சு வைங்க."

ஐயா, தீர்ப்பு வந்துவிட்டது. தம்பி பையிலிருக்கும் தீர்மானம் அந்தப் பையிலேயே இருக்கட்டும். பொறுத்துக் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி கூறி, சிவப்பு நாற்காலிக்கு முதல் வணக்கம் வைத்து இறங்குகிறேன்.