பார்த்தால் பொறுப்பாகிவிடும்

தலைமையேற்றிருக்கும் கட்டட ஒப்பந்தக்காரர் சங்கத் தலைவர் கிரெய்க் ட்ரெலோர் அவர்களே, எஃகும் செங்கல்லும் ஏந்தித் தோள் தேய்ந்த மூத்தவர்களே, மேசை நிறைய லாமிங்டன் கேக் அடுக்கிவைத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் ரோஸ்லின் டன்னின் வணக்கம்.

"கணினி மாதிரியால் கட்டடத்துறை கண்ட வளர்ச்சி." எனக்குத் தந்த தலைப்பு இது. எந்த வளர்ச்சி? யார் கண்டது? கல் வைக்கும் முன்பே கட்டடத்தைக் கணினியில் முழுதாகக் கட்டிப் பார்ப்பது என் தொழில். எது எதில் மோதும் என்று அந்த மாதிரி சிவப்பில் காட்டும். காட்டும், காணத்தான் கண்ணில்லை.

"செலவு ஜாஸ்திம்மா!" என்கிறார் பின்வரிசை நண்பர். ஐயா, நம் ஊர் டயாலிசிஸ் நிலையத்துக்கு மாதிரி இருந்தது. அதில் சுத்தநீர்க் குழாய் எஃகு உத்தரத்தில் முட்டியது. அந்தக் கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்திருந்த நம் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முன்னிலையிலேயே அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

"தாயே, அதை மட்டும் அனுப்பிடாதே! பார்த்துட்டா பொறுப்பு என் தலையில விழும். ஒப்பந்தப்படி காகித வரைபடம்தான் செல்லும். உன் படத்துல என்ன போட்டிருக்கு? 'தகவலுக்கு மட்டும்.' நீயே நம்பாததை நான் நம்பணுமாக்கும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வரியை எழுதியவள் நான்தான். வழக்கு வந்தால் தப்பிக்க எழுதினேன். படத்தை அனுப்பவில்லை.

குழாய் பொருத்தியவர் வெஸ் ஹாலரன். அவர் கையிலிருந்த காகிதத்தில் உத்தரமே இல்லை. முட்டிய இடத்திலெல்லாம் மிஞ்சிய துண்டுக்கு மூடி போட்டு விட்டுவிட்டு, குழாயைச் சுற்றி வளைத்தார். நேர்த்தியான வேலை. ஆனால் மூடிய துண்டில் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீர் நோயாளியின் இரத்தத்தை நெருங்கக்கூடாது. சுவரெல்லாம் பூசி முடித்த பிறகுதான் பரிசோதகர் கண்டுபிடித்தார். இடித்தோம். திறப்பு ஓராண்டு தள்ளிப்போனது.

அந்த நிலையத்துக்காகவே காத்திருந்தவர் வெஸ்ஸின் மனைவி நோரீன். டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள், டவுன்ஸ்வில் நகர மருத்துவமனைக்குப் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம்.

வெஸ் என்னிடம் கேட்டார்: "ரோஸ், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா? வளைச்சது என் கை. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

கணினி வாங்கலாம். கற்றுக்கொடுக்க ஆள் வைக்கலாம். பார்க்க அஞ்சும் துறைக்கு, சொல்ல அஞ்சும் என்னைப் போன்றவளுக்கு, எந்தப் பயிற்சி போதும்? எத்தனை சுவர் இடித்தால் நமக்கு உறைக்கும்?

தலைவர் அவர்களே, இனி என் மாதிரி எதிலும் அந்த வரி இருக்காது. என் பெயர் இருக்கும், பொறுப்பும் என்னுடையது. அனுப்பினால் திறப்பீர்களா?

கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். இதற்குமேல் எதிர்பார்த்து நான் வரவில்லை.

இன்று வியாழக்கிழமை, நோரீனின் மூன்று நாட்களில் ஒன்று. ஹாலரன் தம்பதியர் இந்த அரங்கில் இல்லை. இந்நேரம் நெடுஞ்சாலையில் இருப்பார்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அவர்கள் இருவருக்கும் என் வணக்கம்.