வாய்க்காலில் வரும் குளிசை

கிளினிக் நாள். பிரஷர் குளிசை வாங்க மருந்து ஜன்னல் வரிசையில், எனக்கு முன்னால் ஒட்டுசுட்டான் பஸ்ஸில் வந்திறங்கிய இரண்டு பெண்கள். இளையவர் பெருமையாகச் சொன்னார்:

"என்ரை மகள் கம்பஸிலை வாய்க்காலிலை குளிசை செய்யப் படிக்கிறாள், அக்கா."

"வாய்க்காலிலையோ?"

"ஓம். பெரிய அண்டாவிலை காய்ச்சாமல், மெல்லிய குழாயிலை ஓட ஓட மருந்தைச் சேர்க்கிறதாம். கழுவி ஊத்திற கழிவு குறைவாம், கரண்டும் மிச்சமாம்."

"அப்ப கடைசி வயல்காரருக்கு ஒண்டும் வராது."

"அக்கா, இது நெல்லுக்கு விடுற தண்ணியில்லை."

"எது ஓடினாலென்ன, மேல்வாய்க்காலிலை நிக்கிறவன் மறிப்பான்."

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்: "பிரஷர் குளிசை முடிஞ்சுது. வெளியிலை வாங்குங்கோ."

என் மருந்துத் துண்டிலும் அதே குளிசைதான்.

அக்கா இளையவர் பக்கம் திரும்பினார். "பாத்தீரே தங்கச்சி, மேலை மறிச்சுப்போட்டாங்கள்!"