இசைத்தட்டின் லேபிளில் நான் எழுதிய நான்கு சொற்கள்

என் முழுப் பெயரையும் வீட்டு எண்ணையும் தனித் தாளில் கொடுத்திருக்கிறேன். வயது எழுபத்திரண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. சட்டை தைக்கும் தொழிற்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பட்டன் தைத்ததால் தெருவில் என்னைப் பட்டன் அம்மா என்பார்கள். மேற்படி விலாசத்தில் என் மகளோடும் பேத்தியோடும் வசித்து வருகிறேன். கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும், காது நன்றாகக் கேட்கும், ஞாபகம் தப்பாது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டில் அவளைப் பெரியவள் என்றே அழைத்தோம். அவள் பதினெட்டு வயதில் ஓர் இசைக் குழுவில் சேர்ந்து வீட்டை விட்டுப் போனாள். பிரபலப் பாடகர்கள் பாடும்போது பின்னால் நின்று கூட்டுக் குரல் கொடுப்பது அவள் வேலை. அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த ஒரே புகைப்படத்திலிருந்து அவளைக் கத்தரித்து எடுத்தார். படத்தில் அவள் என் தோள்மேல் கை போட்டிருந்ததால் என் வலது தோளும் கத்தரியோடு போய்விட்டது.

மறு வருடம் அவள் அம்மாவுக்கு ஓர் இசைத்தட்டைத் தபாலில் அனுப்பினாள். பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு. எங்களிடம் பிளேயர் கிடையாது. நான் அதைப் பாவாடை மடிப்பில் மறைத்து, பேருந்து நிலையத்தை ஒட்டி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் எனக்காக ஒரு தடவை ஓட்டினார். பாடகர் பாடி முடித்த பிறகு அக்கா தனியாக ஒரு ஹம்மிங் கொடுத்து அந்தப் பாட்டை முடித்து வைக்கிறாள். அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரி நான் போனதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அப்பா தட்டை வாங்கி ஜன்னல் கம்பியில் வைத்து இரண்டாக உடைத்தார். அந்தத் தையல்காரியின் பேரன் எதிரே வந்தால் இன்றைக்கும் நான் வழி விடுவதில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடம் அக்கா வெளியூர் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலில் இறந்துபோனாள். பதினோரு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. யாரும் போகவில்லை.

அதன் பிறகு அந்தப் பாட்டை ரேடியோவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் வயலின்தான் வரும். அக்கா வரமாட்டாள். நான் கேட்டதே கனவோ என்றுகூட நினைத்ததுண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் படித்துக் காட்டினாள். மேற்படி பாட்டின் முதல் அச்சு, அடையாளம் தெரியாத பெண் குரலுடன், ஒரு தடவைகூட ஓட்டப்படாதது என்று அதில் இருந்தது. விலை, நான் பட்டன் தைத்துச் சேர்த்த எல்லாவற்றையும்விட அதிகம். நான் பேத்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பேருந்து ஏறி, பதினொன்றேகாலுக்கு அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை அது. கடைக்காரர் கையில் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார்.

“என்ன பாட்டி, விக்கணுமா? வீட்ல பழசு ஏதாச்சும் இருக்கா?”

“பழசு நான் ஒருத்திதான். விக்க வரல. ஒரு பாட்டு கேக்க வந்தேன்” என்று சொல்லி விளம்பரத்தில் வந்த தட்டைக் கேட்டேன்.

“அதை ஓட்ட முடியாது பாட்டி. ஊசி பட்டாலே மதிப்பு ஒரு படி இறங்கிடும்.”

“ஓட்டாம வாங்கிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க?”

“வச்சிருப்பாங்க.”

“நீ கேட்டிருக்கியா?”

“ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். நானே கேட்டதில்ல.”

அதன் பிறகு அவர் தட்டை உறையிலிருந்து எடுத்து, ஒரு துணி விரித்து அதன்மேல் வைத்து எனக்குக் காட்டினார். மரியாதையாகத்தான் காட்டினார், அதை நான் மறைக்கவில்லை. கூட்டுக் குரல் பெண் ஒருத்தி பாட்டை முடித்து வைப்பது பாடகருக்குப் பிடிக்காததால் கம்பெனி முதல் அச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வயலினைச் சேர்த்து மறுபடி போட்டதாகவும், தப்பித்த தட்டுகள் கைவிரல் எண்ணிக்கைதான் என்றும் சொன்னார். அந்தப் பாடகர் இறந்த அன்று நான் சமைக்கவில்லை, அழுதேன். அந்த அழுகையைத் திரும்ப வாங்க முடியாதே என்று அப்போது ஆத்திரம் வந்தது.

“அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும். என் அக்கா” என்றேன்.

அவர் சிரித்தார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன மாசம் ஒரு அம்மா வந்து அது நான்தான்னு சத்தியம் பண்ணாத குறை. ஆதாரம் இருக்கா பாட்டி? போட்டோ? கடுதாசி?”

இல்லை என்றேன்.

“விடுங்க. யாருன்னு தெரியாததுதான் இதோட மவுசே.”

அதன் பிறகு அவர் வேறொரு தட்டை எடுத்து, அதன் லேபிளில் யாரோ பேர் எழுதி வைத்திருப்பதைக் காட்டி, இப்படிப் பேனா பட்ட தட்டை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள் என்று வருத்தப்பட்டார். அந்தச் சமயத்தில் அவருக்குப் போன் வந்தது. மேற்படி தட்டை வாங்கப் போகிறவர் ஒரு மணிக்கு வருகிறார் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் பேசிக்கொண்டே உள் அறைக்குப் போனார். தட்டு மேசைமேல் துணியிலேயே இருந்தது. பொட்டலங்களில் விலாசம் எழுதும் கறுப்புப் பேனா பக்கத்தில் இருந்தது. நான் அதை எடுத்து, ஊசி ஓடும் வரிகளில் கை படாமல், நடுவிலுள்ள லேபிளில் ‘பெரியவள் பாடியது. தங்கை எழுதியது’ என்று எழுதினேன். பேனாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பாட்டை ஓட்ட வைப்பதற்காக அப்படி எழுதினாயா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை, அது பிறகுதான் தோன்றியது என்று சொன்னேன். அந்தப் போன மாசத்து அம்மாவை நினைத்துத்தான் எழுதினேன்.

கடைக்காரர் வந்து பார்த்தார். அதன் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, “பாட்டி, என்ன காரியம் பண்ணிட்டீங்க” என்று நான்கைந்து தடவை சொன்னார். அப்போது வாங்க வந்தவரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மஞ்சள் சட்டை போட்டவர். பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தார்.

“யாரு பெரியவள்?”

“என் அக்கா” என்றேன்.

“எழுத்துதான் போகட்டும்னா, மர்மமும் போச்சா?” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அதன் பிறகு கடைக்காரர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். ஆட்கள் வர அரை மணி ஆகும் என்றார்கள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, “இப்பதான் விலை போச்சே. இனி எதுக்குப் பொத்தி வச்சிருக்கே? ஓட்டு” என்றேன்.

“உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி பாட்டி” என்றார். ஆனால் எழுந்து போய், பிளேயரில் தட்டை வைத்து, ஊசியை இறக்கினார்.

பாடகர் பாடினார். அவர் முடித்ததும் அக்கா வந்தாள்.

என் ஞாபகம் தப்பாது என்று மேலே சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றில் தப்பியிருக்கிறது. அக்காவின் குரலைக் கனமான குரலாக, வீட்டில் மூத்தவளின் குரலாக இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தேன். கடையில் நான் கேட்டது அப்படி இல்லை. அது என் பேத்தியைவிடச் சின்னப் பெண்ணின் குரல். மேலே போகும் இடத்தில் மூச்சுப் பற்றாமல் ஒரு தடவை பயந்து, பிறகு சமாளித்துக்கொள்கிறாள். நான் நினைத்திருந்ததைவிடச் சீக்கிரமாக முடிந்துவிடுகிறது.

நான் கேட்காமலே கடைக்காரர் ஊசியைத் தூக்கி அந்த இடத்தில் மறுபடி வைத்தார். கையுறை இல்லாமல் வைத்தார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது காவலர் படியேறி வந்து, முடியும் வரை வாசலிலேயே நின்றார். அதன் பிறகு என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்.

நிலையத்தில் கடைக்காரர், இன்றைக்கே ஒரு திரவம் தொட்டுத் துடைத்தால் மை போய்விடும் என்றும், ஆள் வைத்துத் துடைத்தால் நான் மறுபடி வந்து எழுதிவிடுவேன் என்று பயப்படுவதால் என் கையாலேயே துடைத்துவிட்டு, அது யார் குரல் என்று இனி எங்கும் சொல்வதில்லை என எழுதிக் கொடுத்தால், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். நியாயமான ஆள்தான். அதிகாரியும் அப்படியே முடித்துக்கொள்ளலாம் என்றார். விஷயம் தெரிந்து ஓடிவந்த என் மகள், எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அம்மா, இந்த வயசுல உனக்குக் கோர்ட்டு வேணுமா? தொடைச்சிட்டு வாம்மா, வீட்டுக்குப் போலாம்.”

“உன் பெரியம்மாவைத் தொடைக்கச் சொல்றியாடி?” என்று கேட்டேன். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகவே நான் துடைக்க மாட்டேன். எழுதியது நான்தான், தெரிந்தேதான் எழுதினேன். கடைக்காரருக்கு நஷ்டம் வந்தது உண்மை, அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதற்காக யாரிடமும் கேட்கவில்லை. அந்தத் தட்டு எனக்கு வேண்டும் என்றும் கேட்கவில்லை. வேறு யார் துடைத்தாலும் மறுபடி போய் எழுதுவேன் என்பதையும் இதில் சேர்க்கச் சொன்னேன். அது எனக்கே பாதகமாகும் என்று எழுத்தர் சொன்னார். சேர்க்கச் சொன்னேன்.

இவை எல்லாவற்றையும் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தது. கைரேகை போதும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, பேனா வாங்கி, என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

(ஒப்பம்)
பெரியவளின் தங்கை