எதிர்வீட்டுக் கடல்

எனக்கு மீன் பிடிக்காது, ஐயா; சாப்பிடவும் சரி, பார்க்கவும் சரி. எதிர்வீட்டுத் தொட்டியில் மீன் அதிகம் இல்லாததால்தான் நான் அங்கே அடிக்கடி போய் உட்கார்ந்தேன். இருந்தவை இரண்டே இரண்டு. அவையும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். மற்றதெல்லாம் பவளம், இறால், நத்தை, நண்டு. “எல்லாம் முதுகெலும்பு இல்லாத உயிருங்க அக்கா” என்று எதிர்வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். “இந்தப் படிக்கட்டுல பாதிப் பேரு அப்படித்தான், அவங்களுக்கெல்லாம் யாரு தொட்டி கட்டினாங்க?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் அவருக்கு என் பேச்சு பிடிக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கூடத்தில் உப்புத்தண்ணீரைக் கட்டி வைத்திருந்ததால் கட்டடத்தில் எல்லோரும் அவரைச் சமுத்திரம் என்போம். பெயர் வைத்தது நான். எங்கள் கட்டடத்தில் புழங்கும் பட்டப்பெயர்களில் முக்கால்வாசி நான் வைத்தவைதான். அவர் மனைவி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவள். அவளை நான் டீச்சர் என்றே கூப்பிடுவேன்.

எங்கள் மாடியில் இரண்டு வீடுகள்தாம், வாசலுக்கு வாசல் நேராக. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன், வெளிச்சத்துக்காக என்று. வெளிச்சம் ஜன்னல் பக்கம்தான் வரும். அதை யாரும் இதுவரை கேட்டதில்லை.

சமுத்திரம் பேசினால் நிறுத்தமாட்டார். பவளம் கல் அல்ல, உயிர். விசிறி மாதிரி விரியும் புழு நிழல் பட்டால் குழாய்க்குள் ஓடிவிடும். ஒரு நண்டு காலிச் சங்கு தேடிப் பிடித்து அதில் குடியிருக்கும். உடம்பு பெருத்தால் வேறு சங்கு பார்த்து வீடு மாறும். வாடகை உயர்த்தினாலும் மாறும் என்று நான் சொன்னேன். டீச்சருக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. அடுப்படியிலிருந்தே கத்துவாள்: “ஏன் அக்கா அவரைக் கிளறி விடுறீங்க? இனிமே சாப்பிட வந்த மாதிரிதான்.” அவர் பாடம் நடத்தும்போதெல்லாம் அவள் காதை மூடிக்கொண்டுவிடுவாள். கவனமாகக் கேட்டது நான் ஒருத்திதான். எனக்கு எதையும் காதில் வாங்காமல் விடத் தெரியாது.

அப்படித்தான் அந்தப் பழுப்புப் பொத்தான்களைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். கல்லின்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு, சுற்றிலும் மயிர் வைத்து, நெருக்க நெருக்கமாக முளைக்கும் ஒரு வகைப் பவளம். பார்க்க ஒன்றுமில்லை. “இதை மட்டும் வெறுங்கையால தொட மாட்டேன் அக்கா” என்றார் சமுத்திரம். “உள்ளே விஷம். விவரம் தெரியாதவங்க சிலர் கல்லைச் சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல போடுவாங்க. அந்த ஆவி ஒண்ணு போதும், ஆளையே சாய்ச்சிடும்.” அடுப்படியில் அப்போது குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். நுரையீரல் போய்விட்டது. கட்டிலருகே ஒரு ஆக்சிஜன் பெட்டி எந்நேரமும் ஓட வேண்டும். அது நின்றால் பக்கத்திலிருக்கும் சிலிண்டரை மாட்ட வேண்டும். மாட்ட அவரால் முடியாது, நான்தான் மாட்ட வேண்டும்.

புயல் அடித்த அன்று காலையிலேயே மின்சாரம் போனது. எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் மாடிக்கு ஒரு மெல்லிய லைன்தான் தரும். கொஞ்ச நேரம் அதிகமாக இழுத்தால் படிக்கட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் விழுந்து மாடி முழுக்க இருண்டுவிடும். எதிர்வீட்டுத் தொட்டிக்கு எத்தனை மோட்டார், எத்தனை விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்க ஒரு பெட்டி வேறு. நான் போய் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் ஓடாவிட்டால் அந்த உயிர்கள் சில மணி நேரம்கூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியும், அவரே சொன்னதுதான். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “நிறுத்திட்டேன் அக்கா. நீங்க அண்ணனைப் பாருங்க” என்றார்.

மத்தியானம் சுவிட்ச் விழுந்தது. அந்த நேரம் நான் கீழ்வீட்டம்மாவிடம் மின்சாரம் எப்போது வரும் என்று விசாரிக்கப் போயிருந்தேன். மேலே வந்தபோது பெட்டி நின்றிருந்தது. வீட்டுக்காரரும் நின்றுபோயிருந்தார். எனக்கு முன்னால் சமுத்திரமும் டீச்சரும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். முந்திக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு அபிப்பிராயம் உண்டு.

சமுத்திரம் பொய் சொல்லியிருக்கிறார் என்று அன்றே தீர்மானித்தேன். எதிர்வீட்டுக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. மழை நாள் என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் கேட்டது. அந்த வாரம் அவர் வாளி வாளியாக எதையோ கொண்டுபோய்க் கொட்டினார், நாற்றம் மாடி முழுக்க அடித்தது. சாவு விழுந்த வீட்டு வாசலில் இப்படியா என்று அதையும் குற்றத்தோடு சேர்த்துக்கொண்டேன். தைக்கக் கொடுத்த துணி ஒன்று அன்றைய களேபரத்தில் காணாமல் போயிருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நான் யாரிடமும் அவர் பெயரைச் சொல்லவில்லை, ஐயா. “சில பேருக்கு மனுஷ உசுரைவிட இறால் உசுரு பெருசு” என்று மட்டும் சொன்னேன். யார் என்பதை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். கீழ்வீட்டம்மா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் யாரோ அவர் செருப்புக்குள் இறால் ஓட்டைப் போட்டு வைத்தார்கள். அது நான் இல்லை. ஆனால் யார் என்று எனக்குத் தெரியும்.

சமுத்திரம் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். குற்றவாளி வேறு எப்படிப் போவான்?

கொஞ்ச காலம் கழித்து நான் மறுபடியும் எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பகையை வாசலில் நின்றுகொண்டு வளர்க்க முடியாது, உள்ளே போய்வர வேண்டும். டீச்சர் அசடு, பழையபடி பேச வந்துவிட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கொடுத்தாள். தொட்டி முன்பு மாதிரி இல்லை. விசிறிப் புழு இல்லை, சங்கு நண்டு இல்லை. இருந்த கல்லையெல்லாம் பழுப்புப் பொத்தான்கள் பிடித்துக்கொண்டிருந்தன. இவருக்கு என்ன செய்தால் வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். தொட்டி இனி வலிக்காது என்று தெரிந்தது.

டீச்சருக்குப் பள்ளி விடுமுறை. ஒரு நாள் சமுத்திரம் கடைக்குப் போன பிறகு என் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு யோசனை கேக்கணும். ஆனா நீங்க யாருக்கும் சொல்லக் கூடாது.”

“நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்?” என்றேன். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவள் நம்பினாள்.

“நாளைக்கு அவருக்குப் பொறந்தநாள். அந்தப் பழுப்புச் சனியனையெல்லாம் கல்லுலேர்ந்து ஒழிச்சுட்டு, பளிச்சுன்னு வச்சுக் காட்டலாம்னு பார்க்கிறேன். அதைப் பார்த்தாவது புதுசா வாங்கி விடுவாரு. அந்த நாளுக்கப்புறம் மனுஷன் தொட்டிப் பக்கமே உக்கார மாட்டேங்கிறாரு அக்கா.”

“எந்த நாளுக்கப்புறம்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு நாக்கைக் கடிப்பவர்களிடமிருந்து விஷயத்தை வாங்கத் தெரியும். ஒன்றும் பேசாமல் துணியை மடித்துக்கொண்டிருந்தால் போதும்.

“அண்ணன் போன அன்னிக்குத்தான்” என்றாள். “காலையிலயே எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. பக்கத்துல உக்காந்து ஒரு மக்கை வச்சு தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினாரு, காத்துப் படட்டும்னு. ஒண்ணும் பிழைக்கலை. அது எல்லாம் செத்த இடத்துலதான் இந்தப் பொத்தான் படர்ந்துடுச்சு.”

“நிறுத்தியிருந்தா சுவிட்ச் ஏன் விழணும்?”

“விடுங்க அக்கா.”

“சொல்லு.”

“உங்க இஸ்திரிப்பெட்டி அக்கா. செருகினது செருகினபடி இருந்துச்சு. துணி கருகுற வாடை வந்துதான் நாங்க ஓடி வந்தோம். அதுக்குள்ள அண்ணன்…” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கருகின துணிய அவர்தான் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு, நீங்க பார்த்துடக் கூடாதுன்னு. அக்காவுக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, பழியை நான் சுமந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. நீங்க பேசினதெல்லாம் எங்க காதுல விழாமலா இருக்கு? என்னால முடியலை அக்கா. அதான் வாய் தவறிடுச்சு.”

அவள் அழுதாள். நான் அழவில்லை. மெஷினில் நூல் அறுந்திருந்தது, அதைக் கோத்தேன். இது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒருவர் சொல்லமாட்டார். ஒருத்திக்கு வாய் தவறும்.

கொஞ்ச நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனசில் இருந்த பாரம் இறங்கியதும் ஆளே பளிச்சென்று ஆகிவிட்டாள். “சரி அக்கா, அந்தக் கல்லை எடுத்து வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வச்சா பொத்தானெல்லாம் உதிர்ந்துடும்ல? இல்ல, அவரையே போன்ல சாடையா ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?”

“அவரைக் கேட்டா அப்புறம் என்ன பொறந்தநாள் பரிசு?” என்றேன். “வெந்நீர்ல போகாத அழுக்கு ஏது? நல்லாக் கொதிக்க விடு. ஜன்னலை மட்டும் சாத்திக்கோ, கவிச்சி வாடை என் வீட்டுக்குள்ள வரும்.”

நான் செய்தது இவ்வளவுதான். அந்தக் கல்லை நான் தொட்டதில்லை. அடுப்பை நான் பற்றவைக்கவில்லை.

மெஷின் ஓடும்போது எனக்கு எதுவும் கேட்காது என்று முதலில் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். பாத்திரம் வைத்த சத்தம் கேட்டது. மூடி குதிக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தது கேட்டது. அப்புறம் இருமல். முதலில் தொண்டையைச் செருமுவது போல, பிறகு அப்படி இல்லை. எதிர்க்கதவு திறந்தது. என் கதவைத் தட்டினாள், முதலில் விரலால், அப்புறம் உள்ளங்கையால். “அக்கா” என்றாள். இரண்டாம் தடவை அந்தச் சொல் முழுசாக வரவில்லை. நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்து முடித்தேன். கோணலே இல்லாமல் வந்திருந்தது, வேண்டுமானால் நீங்கள் வந்து பார்க்கலாம்.

சமுத்திரம் வந்துதான் என் வாசற்படியில் கிடந்தவளைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் ஓடி அடுப்பை அணைத்தவர் தானும் அங்கேயே விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அது நல்லதுதான். பிழைக்காவிட்டால் நான் பட்டது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நடந்தது வேறு, ஐயா. அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். மருத்துவமனையில் எல்லோரும் விபத்து என்றார்கள். அவர், “என் தப்பு, நான்தான் அவளுக்கு ஒழுங்காச் சொல்லித் தரலை” என்று சுவரைப் பார்த்துப் புலம்புகிறார். கீழ்வீட்டம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். செருப்பில் இறால் ஓட்டைப் போட்டவன் கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைக்கிறான். என் பழி அவருக்கு அனுதாபமாகப் போய்ச் சேர்ந்தது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று தெரியாமல் ஒரு ஆள் துக்கப்பட்டால் அதில் எனக்கு என்ன லாபம்? நான் அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, உங்க கதவைத்தான் தட்டியிருக்கா, உங்களுக்குக் கேட்டிருந்தா காப்பாத்தியிருப்பீங்க” என்கிறார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரைக் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன். தட்டியபோது கேட்டும் திறக்கவில்லை. என் கணவர் மூச்சுக்குத் தவித்தபோது எதிர்வீட்டுக்காரர் தன் இறாலையும் பவளத்தையும் பெரிதாக நினைத்தார், அதற்குப் பழி வாங்கினேன். இதை அவருக்கு நீங்களே படித்துக் காட்ட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இஸ்திரிப்பெட்டி விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம். அவரும் அதைச் சொல்லமாட்டார். அது என் வீட்டுச் சமாசாரம் ஐயா, வெளியே தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.