ஆறு பத்துக் காபி

காபி மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்டபோது, அது தானாக ஓடியிருக்கும் என்று சொன்னேன். ஆய்வாளர் ஐயா, நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒருநாளும் அது தானாக ஓடியதில்லை. நல்ல பொருளின் மேல் வீண்பழி நிற்கக் கூடாது என்பதால் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

என் பெயர் தேவசிகாமணி. வயது அறுபத்தொன்பது. சாத்தான்குளத்தில் பதினொன்றாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்து அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் எழுத்தர் வேலை. வந்த கடிதத்துக்குத் தேதி தவறாமல் பதில் எழுத வேண்டும். கருத்து, கீழே கையெழுத்துப் போடுகிறவருடையதாக இருக்கும். என்னுடையதை யாரும் கேட்டதில்லை. என் மனைவி சாலோமி, ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரே மகன் ஜெய்சன், கனடாவில் இருக்கிறான்.

நாலு வருடத்துக்கு முன்பு அவன் தஸ்மியா என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னான். பெண் மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்பதைச் சாலோமி ஒரு வாரத்தில் விழுங்கிவிட்டாள். அந்த மூன்று மாதத்தைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"பெத்தவகிட்ட கடைசில வந்து சொல்லுத பிள்ளையோட எனக்கு என்ன பேச்சு" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அதற்கு முன்பு இரண்டு பேரும் தினமும் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். முடிக்கும்போது போனை என் பக்கம் நீட்டுவாள். "நல்லா இருக்கியளாப்பா" என்பான். நல்லா இருக்கேன் என்பேன். அவ்வளவுதான். கோபம் வந்த பிறகு எல்லாம் என் வழியாகப் போக வேண்டியதாயிற்று. ஞாயிறுதோறும் நான் மின்னஞ்சல் எழுதுவேன். அவன் இரண்டு பக்கம் பதில் எழுதுவான். சாயங்காலம் சாலோமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, வேறு யாரையோ கேட்கிற மாதிரி, "என்ன எழுதுதான்?" என்பாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் வரை காத்திருப்பாள். எங்கள் வீட்டில் நான் சொல்வதற்காக யாராவது காத்திருந்தது அப்போதுதான்.

ஆறு மாதத்தில் அவள் மனம் இளகிவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்கிடுமான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். நான் அதை எழுதவில்லை. அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை, கொஞ்சம் பொறு என்று எழுதினேன். கிறிஸ்மஸுக்கு இரண்டு பேரும் வரட்டுமா என்று அவன் கேட்டிருந்தான். அவளிடம், இந்த வருடம் லீவு கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். இரண்டும் சின்ன மாற்றங்கள்தான். அடுத்த வருடமும் அதே மாற்றத்தைச் செய்தேன்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். சாலோமிக்கு மணிக்கட்டில் வலி. பில்டரை இறுக்கவும் திறக்கவும் சிரமப்பட்டாள். அதை ஜெய்சனுக்கு எழுதியதும், பொத்தானை அமுக்கினால் கொட்டையை அரைத்து, காபி இறக்கி, பால் நுரை வரைக்கும் தானே செய்கிற மெஷின் ஒன்றை வாங்கி அனுப்புகிறேன், எது வேண்டும் என்று நீங்களே பாருங்கள் என்றான். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு தாளில் கோடு போட்டு மூன்று மெஷின்களை எழுதினேன். பால் குழாயைக் கழற்றிக் கழுவ முடியுமா, தண்ணீர்த் தொட்டியை வலிக்கிற கையால் தூக்க முடியுமா, பழுது பார்க்கத் திருநெல்வேலிக்கு ஆள் வருவார்களா. மூன்றுக்கும் சரி என்று வந்தது ஒன்றுதான். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. குடிக்கிறவர் பெயரைப் பதிந்து வைத்துவிட்டால் போதும், அவரவர் பெயரை அமுக்கினால் அவரவர் ருசிக்கு வரும். யார் பெயரில், எத்தனை மணிக்கு, எத்தனை கப் என்பது போனில் தெரியும். மெஷினைப் பதிவு செய்தது ஜெய்சன் என்பதால் அது அவன் போனில் தெரிந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீரின் உப்பைப் பார்க்க ஒரு தாள்பட்டை கொடுத்திருந்தார்கள். எங்கள் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். பட்டையின் நிறம் மாறவில்லை. உள்ளே படிகிற உப்பைக் கழுவுவது வருடத்துக்கு இரண்டு முறை போதும் என்று கணக்கு வந்தது. அந்த வேலையைச் சாலோமி எடுத்துக்கொண்டாள்.

முதல் கப்பைக் குடித்துவிட்டு, "நுரைதான் இருக்கு, காபி எங்கன?" என்றாள். அரைக்கிற இடத்தில் சிக்கரி போடக் கூடாது என்பது அவளுக்குப் பெரிய குறை. கொட்டையை இன்னும் நைசாக அரைக்க வைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், சூட்டை ஏற்றினேன். பத்தாம் நாள் "குடிக்கலாம்" என்றாள்.

அன்றைக்கு ஒரு தவறு செய்தேன். நீ குடிக்கிறது ஜெய்சனுக்கு அங்கே போனில் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் எனக்கு முன்பே எழுந்து முகம் கழுவி, தலை சீவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து மெஷின் முன் நின்றாள். ஆறு பத்துக்குத் தன் பெயரை அமுக்கினாள். கப் நிறைகிற வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல் நான் போட்டுத்தரக் கையை நீட்டினேன்.

"என் பேர நான் அமுக்கிக்கிடுதேன். நீங்க உங்க பேர அமுக்குங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒருநாளும் ஆறு பத்து தவறியதில்லை. சாயங்காலம் "என்ன எழுதுதான்?" என்று கேட்பது குறைந்தது. ஜெய்சனின் கடிதங்களும் ஒரு பக்கமாகிவிட்டன. சென்ற வருடம் அவன் பிறந்தநாளன்று சாலோமி தன் பெயரை இரண்டு முறை அமுக்கினாள். இரண்டாவது கப்பை மேசையில் எதிர்ப்பக்கம் வைத்தாள், யாரும் குடிக்கவில்லை. அன்றைக்கே அவன் எழுதினான்: "அம்மா எனக்கும் சேர்த்து ஒரு கப் போட்டிருக்காங்க. கோபம் போயிட்டு, இல்லையாப்பா? டிக்கெட் எடுக்கட்டுமா?" மெஷினில் கோளாறு, ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை ஓடுகிறது, அவசரப்படாதே என்று பதில் எழுதினேன். கோளாறு என்று நான் முதலில் எழுதியது அப்போதுதான். சரிப்பா என்று ஒரு வரி வந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆறு ஏழுக்கு, சாலோமி மெஷினுக்கு முன்னால் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை, நினைவு இருந்தது. அது பக்கவாதம் என்று எனக்குத் தெரியும். எங்கள் அச்சகத்தில் அடித்த ஒரு துண்டுப்பிரசுரத்துக்கு நான்தான் பிழை திருத்தினேன். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கும்.

தலையணை கொண்டுவந்து அவள் தலைக்குக் கீழே வைத்தேன். அதற்குள் ஆறு பத்தாகிவிட்டது. அவள் பெயரில் இன்னும் ஒரு கப் கணக்கில் விழவில்லை என்றால் ஜெய்சன் கூப்பிடுவான். அதனால் முதலில் அவள் பெயரை அமுக்கினேன். ஆம்புலன்ஸுக்குப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். காபி இறங்குகிற நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றால் அவன் அடுத்த விமானத்தில் வருவான். தஸ்மியாவும் வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, நாலு வருடமாக என்னென்ன எழுதினேன் என்று அம்மாவிடம் சொல்வான். அவளால் பேச முடியாது, ஆனால் கேட்க முடியும். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை.

அவளைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கிடத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன். முதுகில் ஒரு புண் வரவில்லை, பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரே சொன்னார். புரையேறாமல் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்துக் கரண்டியால் கொடுத்தேன். எதிர்வீட்டு டார்லின், "மாமா, அத்தைய எங்க ரெண்டு நாளா காணும்?" என்று கேட்டாள். சாத்தான்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். கோவிலில் ஆராதனைக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை நிறுத்தவில்லை. அம்மா நலம் என்று எழுதினேன். மெஷினும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை, மெஷின் காபி தரவில்லை. உப்பைக் கழுவினால்தான் ஓடுவேன் என்று விளக்கு எரிந்தது. விளக்கு நாலைந்து நாளாகவே எரிந்திருக்கிறது. அது சாலோமியின் வேலை என்பதால் நான் கவனிக்கவில்லை. கழுவுகிற பொடியை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவளிடமே போய்க் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. ஆறு நாற்பதுக்கு டார்லின் கையில் போனோடு கதவைத் தட்டினாள். போனுக்குள்ளிருந்து ஜெய்சனின் குரல் கேட்டது.

"அப்பா, அம்மா இன்னும் காபி போடலையே. என்னப்பா ஆச்சு?"

டார்லின்தான் உள்ளே வந்து பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சாலோமி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலையில் இறந்தாள். ஜெய்சனும் தஸ்மியாவும் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். அவன் மெஷினின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

ஆகவே இதுதான் என் வாக்குமூலம். அவளை நான் அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. வைத்தியம் பார்த்தால் பிழைப்பாள் என்று தெரிந்தும் பதினோரு நாள் வீட்டில் கிடத்தி வைத்திருந்தேன். பதினோரு நாளும் அவள் பெயரை அமுக்கியது நான்தான். அவள் சாவுக்கு வேறு யாரும் காரணம் இல்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. தினமும் ஆறு பத்துக்குக் கொட்டை அரைபடுகிற சத்தம் கேட்டதும், கட்டிலில் இருந்து இடது கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று அசைப்பாள். சத்தம் நிற்கிற வரை அசைத்துக்கொண்டே இருப்பாள். அந்த நிலைமையில் காபி பிடிக்காமல் போவது இயற்கைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவளை வற்புறுத்தவில்லை, பதினோரு கப்பையும் நானே குடித்தேன்.