பிணமில்லாத ஒப்பாரி

— கொட்டகையும் இல்ல, சீட்டும் இல்ல. இதுக்கா மன்னவனூர்லருந்து உருளக்கெழங்கு லாரியில ஏறி வரச் சொன்ன?

— சீட்டு இல்லாததாலதான்க்கா நம்மள உள்ள விட்டாக. பார்க்குல யாரு வேணாலும் ஒக்காந்து கேக்கலாம், ஃப்ரீ. அந்தப் புல்லு மேல வெத்தல துப்பாத, ப்ளீஸ்.

— ப்ளீசாம். ஏ பிச்சையம்மா, நீயும் எங்கூடப் பூண்டுக்குக் களையெடுத்தவதான? கோடைக்கானல் பங்களாவுல ஆயா வேலைக்கு வந்ததும் நாக்கு சீமைக்குப் போயிருச்சு.

— எட்டூருல எழவு விழுந்தா 'ராக்காயியக் கூப்பிடு'ங்கிறாக. எங்க அக்கா அம்புட்டுப் பெரிய பாட்டுக்காரி, எங்க மேடம் பாடுறதையும் ஒருதரம் கேக்கட்டுமேன்னு கூட்டியாந்தேன். தப்பா?

— எவ ஒங்க மேடம்? அந்தச் செகப்புப் பாவாடையா?

— அது பியானோ வாசிக்கிற லேடி. ஊதாக் கவுனு போட்டு நிக்கிறாகள்ல, அவுக.

— வெள்ளக்காரன் கப்பலேறிப் பத்து வருசமாச்சுன்னாக. அத்தன பேரும் இங்கனதான நாக்காலி போட்டு ஒக்காந்திருக்கான்.

— இவுக மிஷன் ஆளுகக்கா. சும்மா இரு, ஆரம்பிச்சுட்டாக.

— ம். தொண்ட இருக்கு.

— இருக்குல்ல?

— இருக்குன்னுதான சொல்றேன். திரும்பத் திரும்பக் கேக்காத. என்ன பாட்டு இது?

— கதப் பாட்டு. மீன் பிடிக்கப் போன புருசன் கடல்ல முழுகிட்டான். பொண்டாட்டி கரையில நின்னு அழுகுறா.

— ஒப்பாரியா?

— அவுக ஊரு ஒப்பாரின்னு வச்சுக்கயேன்.

— பொணம் எங்க?

— பொணம் இல்லக்கா. கததான.

— பொணமில்லாம ஒப்பாரி. மாரடிக்கல, மயிர அவுத்து விடல, கட்டிக்கிட்டு அழப் பக்கத்துல ஒரு பொம்பள இல்ல. கையக் கட்டிக்கிட்டு நின்னு அழுகுறாளாம். நான் இப்படி நின்னேன்னா எழவு வீட்டுக்காரன் அடுத்த தரம் கூப்பிடுவானா?

— ஏம்மா, அங்க என்ன பேச்சு? தொரமாருக திரும்பித் திரும்பிப் பாக்குறாக.

— சரிங்க மணியண்ணே, பேசலீங்க. அக்கா, தோட்டக்காரரே வந்து சொல்லிட்டுப் போறாரு, மெதுவாப் பேசு.

— அவனத் தெரியாதா எனக்கு? மம்பட்டியச் சாத்தி வச்சுட்டு வாயப் பொளந்து கேக்குறான் பாரு. போன தையில இவன் சின்னாத்தா எழவுக்கு நான் பாடுறேன், இவன் கொல்லையில பீடி குடிச்சுக்கிட்டு நின்னான்.

— மெதுவா.

— பாடுறவ மூச்சு எங்க எடுக்குறான்னே தெரியலயே. நான் மூணு அடிக்கு ஒருதரம் மூக்கச் சிந்துற சாக்குல எடுத்துக்குவேன். இவ அப்படியே ஏறிக்கிட்டே போறா. அந்த ஒசரத்துக்கு என்னால ஏலாது. வயிறு எரியுது பிச்ச, ஒளிச்சு வைக்க மாட்டேன். ஏடி, நீ அழுகுறியா?

— இல்ல.

— கன்னம் நனஞ்சு கெடக்கு.

— பனி.

— மூணு மணி வெயில்ல ஒனக்கு மட்டும் பனி எறங்குதாக்கும்.

— முடிஞ்சிருச்சு. கை தட்டுக்கா, எல்லாரும் தட்டுறாக.

— புருசன் செத்ததுக்குக் கை தட்டுறீக. நல்ல ஊரு. இந்தா, பொணமில்லாட்டாலும் பூவக் கொண்டாந்துட்டாக.

— அது பாடுனவுகளுக்குக் குடுக்குறது.

— பாடுனவளுக்கா பூவு? முப்பது வருசமாப் பாடுறேன். நான் பாடுற எடத்துல பூவெல்லாம் பொணத்துக்குத்தான்.

— ஒரு பூவுக்கா இம்புட்டுக் கோவம்?

— பூவ அவளே வச்சுக்கிறட்டும். கோவம் ஒம்மேலதான். ஆத்தா செத்தன்னைக்கு வெள்ளனே தொடங்கி உச்சி வரைக்கும் பாடுனேன். பாடை கட்ட வந்தவன் கயித்த விட்டுட்டு அழுதான். நீ வந்து எறங்குறதுக்குள்ள அவ உசிரு போயிருச்சு, வந்தவ சொவத்துல சாஞ்சு ஒக்காந்தே கெடந்த. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பெத்தவளுக்கு அழாத கண்ணு, எந்தக் கடல்லயோ விழுந்த எவனுக்கோ ஊத்துது. என் பாட்டு அம்புட்டு மட்டமாடி?

— அன்னைக்கு அழத்தான்க்கா காத்துக்கிட்டு இருந்தேன்.

— அழுகுறதுக்கு என்ன காத்திருப்பு?

— நீ ஒவ்வொருத்தியாப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாடுவ. பேரு வந்தவ எந்திரிச்சுப் போயி ஒன்னயக் கட்டிக்கிட்டு அழுவா. அதுதான மொற? அத்த பேரு வந்துச்சு. அண்ணி பேரு வந்துச்சு. பக்கத்து வீட்டுக் காளியாயி பேரு கூட வந்துச்சு. அடுத்து நான், அடுத்து நான்னு முந்தானையப் பிடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். கூப்பிடாம எப்படி நானா வந்து விழுவேன்? அதுக்குள்ள பாடை கெளம்பிருச்சு.

— நாலு வருசமா இத ஏன் கேக்கல?

— எழவுச் சந்தடியில மறந்திருப்பன்னு மனச ஆத்திக்கிட்டேன். இந்த மேடம் பாட்டுல யாரு பேரும் இல்ல. அதான் அழுக வந்துருச்சு போல.

— மறக்கல.

— என்னக்கா சொல்ற?

— ஒப்பாரி பாடுறவ பேர மறப்பாளா? என் சோலியே அதான. வேணும்னுதான் விட்டேன்.

— நான் என்னக்கா செஞ்சேன் ஒனக்கு?

— நீ ஒண்ணும் செய்யல. ஏழு மாசம் ஆத்தாவுக்குக் கஞ்சி ஊட்டுனவ நான், பீமூத்திரம் அள்ளுனவ நான். கடைசியில கண்ணத் தொறந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, 'பிச்சையம்மா, வந்துட்டியா'ன்னா. 'வந்துட்டேன் ஆத்தா'ன்னு சொல்லித்தான்டி அவள அனுப்பி வச்சேன்.